பரு, கருந்திட்டு, வெயில்: தையில் கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணுக்கு

"மதுரையில் வேலை பார்க்கிறேன், வயது 24, தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். கன்னத்திலும் தாடையிலும் பரு, ஆறினால் கறுப்பாகத் திட்டு விழுகிறது. அத்தை சொன்ன ட்யூபை நாலு மாதமாகப் போடுகிறேன். போட்டால் முகம் பளிச்சென்று இருக்கிறது, இரண்டு நாள் விட்டால் சிவந்து எரிகிறது, முன்பைவிட அதிகமாகப் பரு வருகிறது. சன்ஸ்க்ரீன் போட்டாலும் பரு வந்ததால் அதையும் விட்டுவிட்டேன். தையில் கல்யாணம், அதற்குள் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பி.ஃபார்ம் படித்து மெடிக்கல் ஷாப் நடத்துகிறவன். முகத்துக்கு என்று மக்கள் என்னென்ன வாங்குகிறார்கள், சில மாதம் கழித்து எந்த முகத்தோடு திரும்பி வருகிறார்கள் என்பதைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற ஆள். அதை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கு இப்போது பருவைவிடப் பெரிய பிரச்சினை அந்த ட்யூப்தான்.

அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெயரை விடுங்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற கலவையைப் படியுங்கள், எழுத்து தெரியவில்லை என்றால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நீங்கள் சொல்கிற அறிகுறியைப் பார்த்தால் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நம் ஊரில் அதிகம் ஓடுவது மூன்று மருந்து சேர்ந்த கலவை: ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. இது மங்குக்கு, டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் என்று வந்த மருந்து. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் தங்கைக்குச் சொல்ல, தங்கை நாத்தனாருக்குச் சொல்ல, கடைசியில் வீட்டில் எல்லாரும் பவுடர் மாதிரி தினமும் போடுகிறார்கள். பேக்கிங்கில் இடது ஓரமாக மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்று அர்த்தம். 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் இது போன்ற பூச்சு மருந்துகள் 14ஐ ஷெட்யூல் எச்-க்குள், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்துப் பட்டியலுக்குள், கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, கேட்டால் சீட்டு இல்லாமல் கிடைக்கவும் செய்கிறது. எங்கள் ஆட்களைத்தான் சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஸ்டீராய்டு போட்டதும் ஏன் முகம் பளிச்சென்று ஆகிறது? வீக்கத்தை அடக்குகிறது, தோலில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, நிறமி உற்பத்தியையும் குறைக்கிறது. அதனால் மூன்றே நாளில் சிவப்பு போய், நிறம் கூடின மாதிரி தெரியும். அப்புறம் மெல்ல மெல்லத் தோல் மெலியும், கன்னத்தில் சின்னச் சின்ன ரத்த நரம்பு தெரிய ஆரம்பிக்கும், பூனைமுடி கூடும், ஸ்டீராய்டே பருவையும் உண்டாக்கும். ஒரே அளவில், கூட்டமாக, சிவப்பாக வருகிற பரு அது. நிறுத்தினால் சுருங்கியிருந்த ரத்தக்குழாய்கள் விரிந்து முகம் தீயாய் எரியும். வெயிலும் தாங்காது, அடுப்படிச் சூடும் தாங்காது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று ஒரு தனி நோய்ப்பெயர் வைக்க வேண்டி வந்தது, அவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள்.

நாலு மாதம் போட்டிருப்பதால் நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்து அவதிப்பட வேண்டாம். தோல் டாக்டரைப் பாருங்கள். காசு யோசனை என்றால் அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். போகும்போது அந்த ட்யூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "சும்மா ஏதோ க்ரீம்" என்று சொன்னால் டாக்டர் அதைச் சாதாரணப் பரு என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. சிலருக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவார்கள், சிலருக்கு ஸ்டீராய்டு இல்லாத வேறு களிம்பு கொடுத்து நேராகவே நிறுத்துவார்கள். எப்படியும் சில வாரம் முகம் மோசமாகத்தான் இருக்கும். அந்த எரிச்சல் பொறுக்காமல், அலுவலகத்தில் நாலு பேர் "என்ன ஆச்சு முகத்துக்கு" என்று கேட்கிற கேள்வி பொறுக்காமல், மறுபடி அதே ட்யூபைக் கையில் எடுப்பதுதான் பலர் மாட்டிக்கொள்கிற இடம். அந்த வாரங்களில் மைல்டான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெயிலிலிருந்து பாதுகாப்பு, இவ்வளவுதான். பருவுக்கான மருந்துகூட அப்போது வேண்டாம், எரியும்.

ஒருவேளை அது ட்யூபே இல்லை, பார்லரிலோ தெரிந்தவர் மூலமாகவோ வாங்கிய, கலவை எதுவும் எழுதாத டப்பா என்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருப்பதுண்டு. கேரளத்தில் மலப்புரம் பக்கம் இந்த மாதிரி க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023இல் பெரிய செய்தியாக வந்தது. அதைக் குப்பையில் போடுங்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, பருவுக்கு வருவோம். தோலில் எண்ணெய் சுரக்கிற சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவை, பெண்களுக்கும் அந்த ஹார்மோன் உண்டு. எண்ணெய் அதிகமாகி, முடித்துளையின் வாயில் செத்த செல்கள் ஒட்டி அடைத்துக்கொள்ள, உள்ளே எப்போதும் குடியிருக்கிற க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகி, வீக்கம் வருகிறது. மூக்கு மேல் உள்ள கரும்புள்ளி அழுக்கு இல்லை. அடைப்பின் வாய் திறந்திருப்பதால் அதிலுள்ள நிறமி காற்றுப்பட்டுக் கறுக்கிறது, தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் போகாது. முகத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவினால் போதும். நாலைந்து தடவை குளியல் சோப் போட்டுக் கழுவுகிறவர்களுக்குத் தோல் காய்ந்து, மருந்து போட்டாலே எரியும், அப்புறம் "எனக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள்.

அடைப்பை எடுக்கிற மருந்து ஒன்று, பாக்டீரியாவையும் வீக்கத்தையும் குறைக்கிற மருந்து ஒன்று, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். முதல் வேலைக்கு அடாபலீன் 0.1% ஜெல். இரண்டாவதுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5%. இந்த இரண்டும் சேர்ந்தே ஒரே ட்யூபிலும் வருகிறது. பென்சாயில் பெராக்சைடில் 5%, 10% எல்லாம் உண்டு. அதிகச் சதவீதம் என்றால் அதிகக் குணம் என்று 10% கேட்டு வாங்குகிறார்கள், ஆனால் முகப்பருவுக்கு 2.5% கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும், எரிச்சல் குறைவு. இன்னொரு நல்ல விஷயம், இதற்கு பாக்டீரியா பழகிப்போவதில்லை. கிளின்டமைசின் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அது பழகிப்போய், கடைசியில் மருந்து வேலை செய்யாது. அதனால் கிளின்டமைசின் எழுதினால் கூடவே பென்சாயில் பெராக்சைடும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். கலர் துண்டு, கலர் தலையணை உறை, நல்ல சுடிதாரின் கழுத்து எல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும், வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடாபலீன் போடுகிற விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பரு மேல் மட்டும் பொட்டு வைக்கிற மருந்து இல்லை அது. வரப்போகிற அடைப்பைத் தடுக்கிற மருந்து, ஆகவே பரு வருகிற பகுதி முழுவதும் போட வேண்டும். ராத்திரி முகம் கழுவி, துடைத்து, நன்றாகக் காய விடுங்கள், ஈரத்தில் போட்டால் எரியும். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, முகவாய் என்று ஐந்து இடத்தில் தொட்டு வைத்து, அங்கிருந்து மெல்லியதாகப் பரப்புங்கள். கண் ஓரம், உதட்டு முனை, மூக்கின் பக்கவாட்டு மடிப்பு, இந்த மூன்று இடத்தையும் விட்டுவிடுங்கள், முதலில் உரிவது அங்கேதான். மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் தினமும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பரு கூடுகிற மாதிரி தெரியும், உள்ளே ஏற்கெனவே அடைத்துக்கொண்டு இருந்தவை வெளியே வருகின்றன. அப்போது நிறுத்திவிட்டு வந்து கடையில் சண்டை போடாதீர்கள். 12 வாரம் கொடுத்த பிறகுதான் அந்த மருந்து வேலை செய்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பருவும் வெயிலும் நேராக முட்டிக்கொள்கின்றன. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் பருவுக்கு நல்ல மருந்துதான், ஆனால் அதைச் சாப்பிடுகிற காலத்தில் வெயில் தோலைச் சீக்கிரம் சுடும். போன வருடச் சீட்டைக் காட்டி ஒரு அட்டை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மத்தியான வெயிலில் வண்டி ஓட்டினால் முகமும் புறங்கையும் கருகிப்போகும். டாக்டர் கொடுத்தால் சாப்பிடுங்கள், பெரும்பாலும் மூன்று நாலு மாதத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கிய உடனே படுக்காதீர்கள், உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

ஐசோட்ரெட்டினாயின் என்று இன்னொரு மாத்திரை. பெரிய கட்டிப் பருவுக்கு அதற்கு இணையான மருந்து இல்லை. தோழிகள் யாராவது "அதைச் சாப்பிட்டு எனக்கு முகமே மாறிவிட்டது" என்று சொன்னால் பொய் இல்லை. ஆனால் தையில் உங்களுக்குக் கல்யாணம். இந்த மாத்திரை சாப்பிடும்போதோ, நிறுத்தி ஒரு மாதம் ஆவதற்குள்ளோ கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடு வரலாம். ஒரு கோர்ஸ் முடியவே பல மாதம் ஆகும், இப்போது ஆரம்பித்தால் கல்யாணத்தைத் தாண்டிப் போகும். அதனால் டாக்டரிடம் கல்யாணத் தேதியை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். அடாபலீனும் கர்ப்பத்தில் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். குழந்தையைத் தள்ளிப்போடுகிற எண்ணம் இல்லை என்றால் கல்யாணத்தோடு அதை நிறுத்திவிட்டு அசெலாயிக் ஆசிடுக்கு மாறிக்கொள்ளலாம். அது பருவையும் கவனிக்கும், கருந்திட்டையும் கவனிக்கும், கர்ப்பத்திலும் போடலாம். 10%, 15%, 20% என்று வருகிறது. முதலில் கொஞ்சம் நமநமவென்று அரிக்கும், பழகிவிடும்.

தாடையை ஒட்டியே பரு வருகிறது என்று எழுதியிருப்பதால் ஒரு கேள்வி. மாதவிலக்கு முறையாக வருகிறதா? தள்ளித் தள்ளிப் போனாலோ, முகவாயில் கனமான முடி முளைத்தாலோ பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று மகப்பேறு டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் மேலே எத்தனை ட்யூப் பிதுக்கினாலும் பரு திரும்பத் திரும்ப வரும். ஹெல்மெட் பட்டை உரசுகிற இடத்தில் மட்டும் பரு என்றால் அது வேறு கதை, பட்டையைத் துவையுங்கள், அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். நெற்றியில், மார்பில், முதுகில் ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு இருந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கூடத்தான் செய்யும்.

சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் அம்மா கேட்பார்கள். கடலைமிட்டாய், மாம்பழம், சூடு என்பதற்கெல்லாம் சரியான ஆதாரம் கிடையாது. சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானம், இனிப்பு, ஜிம் போகிறவர்கள் குடிக்கிற வே புரோட்டீன் பவுடர், இவற்றுக்கு ஓரளவு தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. அதற்காக மாம்பழ சீசனில் மாம்பழம் சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

இனி கருந்திட்டு. உண்மையைச் சொன்னால் என்னிடம் வருகிறவர்களில் பலர் பருவுக்காக வருவதில்லை, பரு போன பிறகு நிற்கிற கறுப்புக்காகத்தான் வருகிறார்கள். நம் தோலில் நிறமி செல்கள் சுறுசுறுப்பானவை, எங்கே வீக்கம் வந்தாலும் அங்கே நிறமியைக் கொட்டிவிடும். பருவைக் கிள்ளினால் இன்னும் ஆழமாகக் கொட்டும். வெள்ளைக்காரர்களுக்குப் பரு போனால் சிவப்பு நிற்கும், நமக்குக் கறுப்பு. அது தானாகவே மங்கும், ஆனால் மேலோட்டமாக இருந்தால் சில மாதம், ஆழமாக இருந்தால் ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகும். அந்தக் காலம் முழுக்க தினமும் வெயில் பட்டால் மங்கவே மங்காது. ராத்திரி நூறு ரூபாய் மருந்து, காலையில் இலவச வெயில், இரண்டும் சேர்ந்தால் வெயில்தான் ஜெயிக்கும். ஆகவே உங்கள் விஷயத்தில் சன்ஸ்க்ரீனும் பரு வைத்தியத்தில் ஒரு பாதி. கறுப்பு வேறு, குழி வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், விரல் வைத்துத் தடவினால் பள்ளம் தெரிகிறது என்றால் எந்தக் க்ரீமும் அதை நிரப்பாது, அதற்கு டாக்டர் செய்கிற சிகிச்சைகள்தான்.

"நம்ம கறுப்புத் தோலுக்கு எதுக்கு சன்ஸ்க்ரீன்" என்று கேட்பார்கள். பாதி சரிதான், நல்ல கறுத்த தோலுக்கு இயற்கையாகவே, சன்ஸ்க்ரீன் ட்யூபில் எழுதுகிற எஸ்.பி.எஃப். கணக்கில் ஏறக்குறைய 13 அளவு காப்பு இருக்கிறது என்று அளந்திருக்கிறார்கள், தோல் புற்றுநோயும் நமக்கு மிகக் குறைவு. நாம் சன்ஸ்க்ரீன் போடுவது புற்றுநோய்க்குப் பயந்து இல்லை, திட்டுக்கும் மங்குக்கும் பயந்து. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மதுரையில் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஆவணியில் மேகம் போட்டிருக்கிறது என்று ஏமாறாதீர்கள், மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் பெருமளவு தாண்டி வந்துவிடும்.

எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சுடுகிற யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிருக்கான அளவு. சரியான அளவு பூசினால் 30 போட்டதில் ஏறக்குறைய 97% தடுக்கும், 50இல் 98%. ஆக 30க்கும் 50க்கும் வித்தியாசம் ஒரு சதவீதம்தான், 100 என்று எழுதினால் இரண்டு மடங்கு என்று நினைத்துக் காசைக் கொட்ட வேண்டாம். திட்டைக் கறுக்க வைப்பதில் யு.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு, அதற்கு ட்யூபில் பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கும், மூன்றோ நாலோ இருக்கிறதா என்று பாருங்கள். யு.வி.ஏ. சாதாரணக் கண்ணாடியையும் தாண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம், அலுவலகத்தில் ஜன்னலோர மேஜை என்று உட்கார்ந்தால் அதுவும் வெயில் கணக்கில்தான் சேரும். இதற்கும் மேலே, நம்மைப் போன்ற நிறத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியே, அதிலும் ஊதாவும் நீலமும், திட்டைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயம் உள்ள சன்ஸ்க்ரீன் தடுக்கும். டின்டெட் என்று கேளுங்கள். இதைக் கேட்டுவிட்டுப் போன் வெளிச்சத்துக்கும் பயப்பட வேண்டாம், வெயிலின் முன் அது ஒன்றுமே இல்லை.

சன்ஸ்க்ரீன் போட்டுப் பரு வந்ததற்கு வருகிறேன். நீங்கள் போட்டது கெட்டியான, எண்ணெய்ப் பசையுள்ள க்ரீமாக இருந்திருக்க வேண்டும். அதோடு அப்போது ஸ்டீராய்டும் போட்டுக்கொண்டிருந்தீர்கள், பழி எதன் மேல் என்று சொல்லவே முடியாது. ஒன்றிரண்டு நாளிலேயே குட்டிக்குட்டியாக வந்தது என்றால் அது பருகூட இல்லை, வியர்வை அடைத்துக்கொண்ட வேர்க்குரு. ஜெல்லாகவோ தண்ணீர் மாதிரியோ இருக்கிற வகையை வாங்குங்கள். நான்-காமெடோஜெனிக், அதாவது துளையை அடைக்காதது, என்று எழுதியிருந்தால் நல்லது, அதுவும் உத்தரவாதம் இல்லை. ஆகவே தாடையில் ஒரு பக்கம் மட்டும் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முழு முகத்துக்கும் போடுங்கள். எரிகிற தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு உள்ளவை பாந்தமாக இருக்கும், ஆனால் நம் நிறத்துக்கு விபூதி பூசின மாதிரி வெளுத்துத் தெரியும், அதற்கும் டின்டெட் வகைதான் தீர்வு.

அளவு முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் இரண்டு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும், அது ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அப்படியென்றால் 50 கிராம் ட்யூப் தினம் ஒரு தடவை போட்டாலே ஒன்றரை மாதத்துக்குள் தீர வேண்டும். ஆறு மாதமாக அதே ட்யூபை வைத்திருக்கிறவர்கள் சன்ஸ்க்ரீன் போடவில்லை, சன்ஸ்க்ரீன் வாசனை போடுகிறார்கள். பாதி அளவு போட்டால் 50 என்று எழுதியது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். வெளியே வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். நாள் முழுக்க உள்ளே உட்கார்கிற வேலை என்றால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் வெயில் இருக்கும்போதே கிளம்பினால் அதற்கு முன் ஒரு தடவை, போதும்.

ஆனால் இதைவிடப் பெரிய காப்பு துணிதான். மதுரைப் பெண்கள் கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுவது எந்த சன்ஸ்க்ரீனுக்கும் குறைந்ததில்லை. துப்பட்டாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நெசவு வழியாக ட்யூப்லைட் பளிச்சென்று தெரிந்தால் வெயிலும் அப்படியே வரும், இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள் அல்லது அடர்ந்த நிறத்தில் நெருக்கமாக நெய்த பருத்தி வாங்குங்கள். தினமும் துவைத்ததைக் கட்டுங்கள், முந்தாநாள் வியர்வையோடு இருப்பதைச் சுற்றினால் பரு வரும். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி பாலிகார்பனேட் என்றால் புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும், இறக்கி விட்டுக்கொண்டு ஓட்டுங்கள். நடக்கும்போது கறுப்புக் குடை. "வைட்டமின் டி குறைந்துவிடாதா" என்றால், கை கால் இருக்கிறது, முகத்தைத்தான் வெயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று இல்லை.

வீட்டு வைத்தியம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எது என்பதுதான் கேள்வி. பயத்தமாவில் முகம் கழுவலாம், நறநறவென்று தேய்க்காமல். கற்றாழை, தயிர் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் ஒன்றும் செய்யாது, நல்லதும் அதிகம் செய்யாது. எலுமிச்சைச் சாறு மட்டும் கூடவே கூடாது. அதில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும், ஆறின பிறகு மாதக்கணக்கில் கறுப்பு நிற்கும். திட்டைப் போக்கப் போய்ப் புதுத் திட்டு. டூத்பேஸ்ட், சமையல் சோடா இரண்டும் அதே ரகம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வையுங்கள், நெற்றியில் வழிய விடாதீர்கள், முகத்துக்கு வேண்டாம்.

கல்யாணக் கணக்கு. ஆவணியிலிருந்து தைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. ஸ்டீராய்டிலிருந்து தோல் மீள ஒன்றரை மாதம் என்று வையுங்கள், சிலருக்குக் கூடவும் ஆகும். டாக்டர் சரி என்றதும் அடாபலீன், அதற்கு மூன்று மாதம். ஆக தைக்குள் புதுப் பரு பெருமளவு நின்றிருக்கும், கறுப்பு பாதியாவது மங்கியிருக்கும், மீதியை மேக்கப் போடுகிறவர் பார்த்துக்கொள்வார். இதைவிட வேகமாக ஆகும் என்று யார் சொன்னாலும் அந்தப் பொருளில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள். அடாபலீன் போடுகிற காலத்தில் முகத்தில் வாக்ஸிங் செய்ய விடாதீர்கள், தோலோடு உரிந்து வரும். பார்லரில் ப்ளீச்சும் வேண்டாம். கடைசி ஒரு மாதத்தில் எந்தப் புதுப் பொருளையும் முகத்தில் ஆரம்பிக்காதீர்கள், கடைசி வாரத்தில் ஃபேஷியல் கூடாது. நலங்கு வைக்கும்போது மஞ்சளும் சந்தனமும் முகத்தில் பூசத்தான் பூசுவார்கள், மறுக்க முடியாது. கடையில் வாங்குகிற வாசனைப் பொடி சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும், அதனால் அதே பொடியைப் பத்து நாள் முன்பே வாங்கி முழங்கை மடிப்பில் இரண்டு மூன்று நாள் பூசிப் பாருங்கள். அரித்தால் கையிலும் காலிலும் பூசச் சொல்லுங்கள், கன்னத்தில் பெயருக்குத் தொட்டுக்கொண்டால் போதும்.

காலை முகூர்த்தம் என்றால் மேக்கப்புக்குக் கீழே சன்ஸ்க்ரீன் போட்டுக்கொள்ளலாம், கோயிலில் வெளியே நிற்க வேண்டியிருக்கும். ராத்திரி ரிசப்ஷனுக்குத் தேவையில்லை. ஜிங்க் உள்ளதாக இருந்தால் ஃபிளாஷ் அடிக்கிற போட்டோவில் முகம் மட்டும் வெளுத்து விழும், ஆல்பம் வந்த பிறகு என்னைத் திட்டாதீர்கள்.